சைலன்சரைக் கழற்றும் முன்: பழைய வண்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பதினொரு அறிவுரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடத்தை இங்கே யமஹா ஆர்எக்ஸ் 100-உம் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டும் பிடித்து வெகுகாலமாகிறது. அப்பா ஓட்டியது, சித்தப்பா மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்தது, கந்தர்வகோட்டைப் பக்கம் யாரோ கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். வந்த மறுவாரமே பிள்ளை பட்டறை வாசலில் நிற்பான். "அண்ணே, சவுண்டு பத்தல. சைலன்சர் மாத்தணும்."

கேட்பதில் தப்பில்லை. வண்டியின் குரல் ஒரு சுகம்தான். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் வண்டி எழுப்பும் ஓசைக்கே வணிகச்சின்னம் கேட்டு 1994-இல் விண்ணப்பித்தது. எதிர்ப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு 2000-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய கம்பெனிகள் இத்தனை மெனக்கெடும் விஷயத்தை நம் பிள்ளைகள் ஒரு துளையிடும் மெஷினை வைத்து அரை மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

நான் சொல்லப் போவதன் சாரம் இதுதான்: குரல் எஞ்சினில் பிறக்கிறது. சைலன்சர் அதைத் திருத்திக் கொடுக்கிறது. ஆகவே வேலையை எஞ்சினில் தொடங்கிக் குழாயில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் காசும் போகும், வண்டியும் போகும். தம்பி என்று சொல்லிக்கொண்டு போனாலும் இது தங்கைகளுக்கும் சேர்த்துத்தான். இப்போது பெண் பிள்ளைகளும் புல்லட்டோடு பட்டறைக்கு வருகிறார்கள்.

1. முதலில் எஞ்சினைச் சரிசெய்.

சீவாளி கெட்டுப்போன நாயனத்துக்கு அணசை மாற்றி என்ன பிரயோஜனம்? சத்தம் நன்றாக இல்லை என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் எஞ்சினில் இருக்கிறது. ரிங் தேய்ந்திருக்கும், பாயின்ட் கருகியிருக்கும், கார்பரேட்டரில் அழுக்கு அடைத்திருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தால் அந்த நோய்தான் ஊருக்கே கேட்கும்.

வார்ப்பிரும்பு புல்லட்டில் முதல் வேலை டேப்பெட். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் டேப்பெட் மூடியைத் திற. புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்று. தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் தலைப்பக்கம் 'டிக் டிக்' என்று அடிக்கும், அந்த அடி வெளிவரும் தாளத்தையும் மங்கடிக்கும். சுற்றவே சுற்றாவிட்டால் வால்வு முழுசாக மூடாமல் சூடேறிக் கருகும். அதற்குப் பிறகு பாயின்ட் இடைவெளி, டைமிங், கடைசியாக ஐடிலிங். இந்த நாலும் சரியானதும் பாதிப் பேர் சைலன்சர் பேச்சையே விட்டுவிடுவார்கள்.

ஆர்எக்ஸ் 100 என்றால் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கிப் பார். எதிர்த்து நிற்காமல் தொளதொளவென்று இறங்கினால் பிளாக் பிஸ்டன் வேலை காத்திருக்கிறது. அந்தச் செலவுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டுக் குழாயைப் பற்றி யோசி.

2. உன் எஞ்சின் எந்தக் குரலில் பேச முடியும் என்று கணக்குப் போடு.

புல்லட் நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 900 சுற்றில் நின்றபடி ஓடினால் 450 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஏழெட்டு. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுவது அதனால்தான். கனமான ஃப்ளைவீல் அந்த மெதுவான ஓட்டத்திலும் எஞ்சினை அணையவிடாமல் தள்ளிக்கொண்டு போகிறது.

ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அதன் 98 சிசி எஞ்சின் 11 குதிரைத்திறனை முழுசாகக் கொடுக்கும் 7,500 சுற்றில் நொடிக்கு 125 வெடிப்பு. காது இதை எண்ண முடியாது, ஒரே சுருதியாகத்தான் கேட்கும். நாலு சிலிண்டர் கார் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100.

இந்த எண்ணிக்கையை எந்தச் சைலன்சரும் மாற்றாது. ஆர்எக்ஸை புல்லட் மாதிரி அடிக்கவைக்கச் சொல்லி வரும் பையனிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். ஓசையின் தடிப்பையும் கூர்மையையும் அளவையும் குழாயால் மாற்றலாம். உனக்கு எது வேண்டும் என்று முதலில் தெளிவாகு. அதற்கு நண்பனை வண்டியில் ஏற்றி ஓட்டச் சொல்லி, இருபது முப்பது அடி தள்ளி நின்று கேள். ஓட்டுகிறவன் காதுக்குக் காற்றும் செயினும் சேர்ந்துதான் கேட்கும்; குழாயின் குரல் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

3. கசிவைத் தேடிக் கண்டுபிடி.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னால் 'பட பட'வென்று வெடிக்கிறதா? சிலர் இதை ரேஸ் வண்டிக் குணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம் பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இது பெரும்பாலும் கசிவின் அடையாளம். சிலிண்டரில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் பேக்கிங் போயிருக்கும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள் பற்றிக்கொள்கிறது. கார்பரேட்டர் பெட்ரோல் குறைவாகக் கொடுத்தாலும் இதே வெடிப்பு வரும்.

பார்ப்பது சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது இணைப்புகளில் விரலை ஓட்டு. கசிகிற இடத்தில் மெல்லிய கரிக்கோடு படிந்திருக்கும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, குழாய் சூடேறும் முன்பே, தடித்த ஈரத்துணியை வால் முனையில் ஒரு நொடி அழுத்திப் பிடி. எங்காவது 'புஸ்' என்று சீறினால் அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவு. நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. பெண்ட் பைப்பின் ஸ்டட், கிளாம்ப், வெல்டிங் தையல் எல்லாவற்றையும் பார். ஒரு புது பேக்கிங்கும் இறுக்கமான கிளாம்பும் செய்யும் மாற்றத்தைப் பல நேரம் புதுச் சைலன்சர்கூடச் செய்யாது.

இந்த வேலையை மூடிய கொட்டகைக்குள் செய்யாதே. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றுவது உனக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வா.

4. இரண்டு ஸ்ட்ரோக் குழாயில் ரம்பத்தை வைக்காதே.

நாலு ஸ்ட்ரோக்கில் குழாய் புகையை வெளியேற்றும் வழி. இரண்டு ஸ்ட்ரோக்கில் அது எஞ்சினின் ஓர் உறுப்பு. வால்வு கிடையாது, பிஸ்டன்தான் துளைகளைத் திறந்து மூடுகிறது. புகை போகும் துளை திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். அதைத் தடுப்பது குழாயின் வடிவம். விரிந்துகொண்டு போகும் பகுதி பழைய புகையை இழுத்து எடுக்கும். மறுபடி சுருங்கும் பகுதியில் அழுத்த அலை மோதித் திரும்பி வந்து, வெளியே ஓடிய கலவையைத் துளை மூடும் முன் உள்ளே தள்ளிவிடும்.

கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இந்த வித்தையை வளர்த்தெடுத்தார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. அந்தக் காலத்தில் நம்ப முடியாத அளவு. அதே ஆண்டு ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிப்போய், இந்த அறிவை ஜப்பானின் சுசுகி கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுவருஷம் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. பின்னால் ஜப்பானிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் உலகத்தை ஆண்டதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1985-இல் நம் நாட்டுக்கு வந்த ஆர்எக்ஸ் 100-உம் அந்த வம்சம்தான்.

அலை போய்த் திரும்பும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. நீ இரண்டு அங்குலம் வெட்டினால் அலை நேரம் தப்பி வரும். ஆலங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படி வெட்டிக்கொண்டு வந்தான். சத்தம் கிழிந்தது, இரண்டாவது கியரில் மேட்டில் ஏற வண்டி திணறியது. வெட்டியதை ஒட்டவைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரவே அவன் வெல்டிங் கூலி அழ வேண்டியதாயிற்று.

5. கரி எடு.

இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் கரி படியும். வருஷக்கணக்கில் படிந்த கரி வழியைக் குறுக்கிவிடும். அப்போது வண்டி குரல் கம்மி, இழுவையும் குறையும். இதைத்தான் பல பேர் "கம்பெனி சைலன்சர் சரியில்லை" என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வால் முனைக்குக் கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் பேஃபிள் குழாய் உருவிக்கொண்டு வரும். வராவிட்டால் துருநீக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடு. சுத்தியலால் அடித்து நெளிக்காதே. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை ஒவ்வொன்றாகத் திற. சிலிண்டரின் புகைத்துளையிலும் கரி இருக்கும். பிஸ்டனை மேலே ஏற்றித் துளையை மூடிக்கொண்டு, மரக் குச்சியால் மெல்லச் சுரண்டு, இரும்பு வேண்டாம்.

சைலன்சரை விறகுத் தீயில் போட்டுச் சுடுவது பழைய வழக்கம். கரி போகும், கூடவே குரோம் நீலம் பாரித்துப் போகும். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதும் உண்டு. செய்தால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. எல்லாம் முடிந்ததும் பேஃபிளைத் திரும்ப மாட்டு. கரி மறுபடி சீக்கிரம் சேர்ந்தால் ஆயில் பம்ப் அளவையும் நீ ஊற்றும் 2டி ஆயிலையும் பார்க்க வேண்டும்.

6. குழாய் மாறினால் ஜெட்டையும் பார்.

தடை குறைந்த சைலன்சர் போட்டால் எஞ்சினுக்குள் காற்றுப் போக்கு கூடும். பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் கலவை மெலிந்து சூடு ஏறும். புல்லட் இதை ஓரளவு தாங்கும். ஆர்எக்ஸில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எழுபதில் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளக்கின் நிறம்தான் சாட்சி. திருமயம் சாலை மாதிரி நேர் ரோட்டில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நீ வழக்கமாக ஓட்டும் வேகத்தில் கொஞ்ச தூரம் போ. கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டு. பிளக்கைக் கழற்றிப் பார். முனையில் பிஸ்கட் பழுப்பு இருந்தால் நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிசாகப் போடு. கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உனக்கே தெரியாது.

7. புல்லட்டுக்கு வாங்கும்போது உள்ளே பார்த்து வாங்கு.

கடையில் ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்ட் ஸ்டார், பஞ்சாபி, இந்தோரி, மெகாபோன் என்று பத்துப் பெயர் சொல்வார்கள். பெயரை விடு. டார்ச் அடித்து வால் முனை வழியாக உள்ளே பார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் நேர்க்குழாய். துளையிட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் மட்டும் இருக்கும். புதிதில் இனிமையாக இருக்கும் குரல், வூல் எரிந்து பறந்த பிறகு தகரம் தட்டுவது மாதிரி ஆகிவிடும். வூல் மாற்றக் கழற்றும் வசதி இருக்கிறதா என்று கேள். உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருந்தால் அது அலையை மோதவிட்டு அடக்கும் வகை. சத்தம் குறைவு, அடி கனம், ஆயுள் அதிகம். முப்பது வயதுக்கு மேற்பட்ட புல்லட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு கையில் தூக்கிப் பார். தகடு மெலிசாக இருந்தால் தகடே அதிர்ந்து கீச்சிடும். குழாயின் துவாரம் பெரிசாக இருந்தால் பவர் கூடும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வா. துவாரம் அளவுக்கு மீறினால் புகையின் வேகம் குறைந்து, அடிவேகத்தில் வண்டி சோம்பும். புல்லட்டின் அழகே அந்த அடிவேக இழுவைதான்.

8. கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை.

இங்கேயும் காரைக்குடிப் பக்கமும் பழைய வீடுகளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பியட்டும் கான்டெஸாவும் இன்னும் நிற்கின்றன. ஹெரால்டைச் சாதாரணமாக நினைக்காதே. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஊருக்குக் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் அதுதான்.

காரில் முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். அடுத்தது குழாயைத் தொங்கவிடும் ரப்பர்கள். அவை இறுகிப்போயிருந்தால் அதிர்வு தரைத்தகட்டில் ஏறி, உள்ளே உட்கார்ந்திருப்பவர் தலை இடிக்கும். குழாயைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பின் மஃப்ளரை மட்டும் மாற்று, நடுவில் இருக்கும் ரெசனேட்டரை எடுக்காதே. எடுத்தால் 2,500-லிருந்து 3,000 சுற்றுக்குள் ஒரு முழக்கம் கிளம்பும். நெடுஞ்சாலையில் வண்டி ஓடுவது அந்த வேகத்தில்தான். விராலிமலை தாண்டும் முன்பே வீட்டுக்காரம்மா பஸ்ஸில் போகிறேன் என்பார்.

பிற்காலக் கார்களில் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும். அதைப் பிடுங்கினால் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வாய், காற்றும் கெடும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்று. டேங்கும் பெட்ரோல் குழாயும் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்.

9. தண்ணீருக்கும் உப்புக்கும் பயப்படு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. காலையில் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் முழுசாகச் சூடேறாமல், அந்த ஈரம் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது கீரனூர் வரை போய்த் திரும்பு.

பல சைலன்சர்களின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் வடியக் கம்பெனி வைத்தது. வெல்டர் அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவை.

கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்தும் பகை. கடற்காற்றின் உப்பு மட்டக் குரோமைத் துளைத்துவிடும். கூடக் கொஞ்சம் போனாலும் 304 ஸ்டெயின்லெஸ் குழாய் போடு. வண்டியை நல்ல தண்ணீரில் கழுவு. சூட்டுப் பட்டி என்று பெண்ட் பைப்பில் துணி மாதிரி சுற்றுகிறார்களே, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புக் குழாய்க்கு எமன்.

10. சட்டத்தையும் தெருவையும் மதி.

சைலன்சர் இல்லாமல் வண்டி ஓடக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டுமே விதிக்கவும் இடமுண்டு. ஒலி வரம்பை மீறினால் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைப் போலீஸார் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவதைப் படத்தில் பார்த்திருப்பாய். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போயாக வேண்டும். அங்கே இன்ஸ்பெக்டருக்கும் காது இருக்கிறது. ஆகவே கம்பெனி அமைப்பை ஒத்த குழாய்தான் நிம்மதி. அதைத் தாண்டி எதையும் மாட்டும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்கொள்.

சட்டத்தைவிடத் தெருவுக்கு நான் அதிகம் பயப்படுவேன். திவான் சேஷய்யா சாஸ்திரி திட்டமிட்டுச் சீரமைத்த ஊர் இது. ராஜவீதிகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். ஒரு முனையில் முறுக்கினால் மறுமுனை வரை மோதிப் போகும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு இரட்டிப்பாகத் தெரியும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படும் இடம். இரவு பத்து மணிக்கு மேல் மூன்றாவது கியரில் மெல்லப் போ. தெருமுனையில் மாடு கட்டியிருக்கும் வீட்டைக் கடக்கும்போது பகலிலும் அப்படியே. கட்டுத்தறியில் மிரண்ட காளை ஆளைப் பார்க்காது.

குழாயை முழுசாகத் திறந்து கேட்டே தீர வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கின்றன. கோயம்புத்தூரில் 'கரி' என்ற பெயரில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஹெல்மெட் மாட்டி, அங்கே முறுக்கு.

11. பழையதைத் தூக்கிப் போடாதே, செய்ததை எழுதி வை.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுபோனது. வண்டியோடு பிறந்த சைலன்சர் நெளிந்திருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும் அதன் அளவு உண்மையானது. சந்தையில் வரும் நகல்களில் கூம்பின் அளவு ஆளுக்கொன்று. அசலை எடைக்குப் போட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து அதையே பல மடங்கு விலைக்குத் தேடி அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உள்ளே எண்ணெய் தடவி, இரண்டு முனையையும் துணி வைத்து அடைத்து, சாக்கில் சுற்றிப் பரண்மேல் வை. பெண்ட் பைப், கிளாம்ப், போல்ட்டுகளையும் அதோடு சேர்த்துக் கட்டு.

ஒரு நோட்டுப் போடு. என்றைக்கு எந்தக் குழாய், என்ன ஜெட், பிளக் என்ன நிறம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மேட்டில் எந்த கியரில் ஏறியது என்று எழுது. சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்த குடுமியான்மலை இருக்கும் மாவட்டம் இது. உனக்குப் பேப்பரும் பேனாவும் போதும். போனில் பதிவு செய்வதென்றால் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய். இல்லாவிட்டால் போன மாதத்துக் குரலையும் இந்த மாதத்துக் குரலையும் ஒப்பிட முடியாது.

வண்டியை ஒரு நாள் விற்பாய், அல்லது தம்பிக்கோ மகளுக்கோ கொடுப்பாய். அன்றைக்குப் பரணில் இருக்கும் சைலன்சரையும் இந்த நோட்டையும் சாவியோடு சேர்த்துக் கொடு. வாங்குகிறவர் நீ செய்ததை வைத்துக்கொள்வார், அல்லது ஒரு மணி நேரத்தில் அசலுக்குத் திருப்பிக்கொள்வார். அப்படித் திருப்ப முடியாத வேலை எதையும் பழைய வண்டியில் செய்யாதே.